மூன்றாம் மடி பேசியது

1

2000 நவம்பர் 21, செவ்வாய்க்கிழமை. காலை 4.50க்கு எழுந்தேன். சன்னலுக்கு வெளியே தொங்கவிட்டிருக்கும் வெப்பமானியில் ஒன்பது டிகிரி. பனிமூட்டத்தில் எதிர்வரிசை வீடுகள் தெரியவில்லை. 5.10க்கு என் மனைவி நோவியின் பாதங்களின் மேலிருந்த முட்டையை என் பாதங்களுக்கு மாற்றிக்கொண்டு, வயிற்றுச் சிறகால் மூடினேன். மாற்றுவதற்கு நான்கு நொடி ஆனது. முட்டைக்கு இன்று முப்பத்தெட்டாவது நாள். 7.15 வரை நின்றபடியே இருந்தேன். நின்றபடியே தேநீர் குடித்தேன், நின்றபடியே நேற்றைய குறிப்பை எழுதி முடித்தேன். நோவி உப்புமா கிளறி மகளுக்கு டப்பாவில் அடைத்துக் கொடுத்துவிட்டு தேயிலை பறிக்கக் கிளம்பினாள். 7.20க்கு முட்டையை அடுத்த வீட்டு சரோஜாக்காவின் மடியில் வைத்தேன். 7.40க்குத் தொழிற்சாலையில், இலையை வாடப்போடும் மாடியில் இருந்தேன்.

நாங்கள் குன்னூருக்கு வந்து இன்றோடு பதினொரு வருடம். அதனால்தான் இந்தக் குறிப்பை வழக்கத்தைவிட நீளமாக எழுதுகிறேன். இது தாழ்கரையில் இருக்கும் நம்மவர்களுக்கு. நம் மொழிக்கு எழுத்து கிடையாது. ஆகவே தமிழில் எழுதி அனுப்புகிறேன், அங்கே இறங்குதுறையில் தமிழ் தெரிந்தவர் ஒருவர் உங்களுக்கு வாசித்துச் சொல்வார். நம்மில் பாதிப்பேர் இப்போது வேறு வேறு கரைகளில் முட்டையிலிருந்து வெளிவந்தவர்கள். அவர்களுக்காக, உங்களுக்குத் தெரிந்த வழக்கங்களையும் விளக்கிவிடுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

வந்த புதிதில் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, "பறப்பீங்களா?" என்பதுதான். இல்லை, எங்கள் இனத்தில் யாரும் பறந்ததில்லை, நடப்போம் என்று சொன்னால் ஏமாற்றமடைவார்கள். சரோஜாக்காவின் கணவர் பழனிசாமி கீழே சாலையோரம் மளிகைக்கடை வைத்திருக்கிறார். பதினொரு வருடமாக, ஒவ்வொரு பொங்கலன்றும் என்னைப் பார்த்து, "ஏனுங்க டயரிக்காரரே, இந்த வருசமாச்சும் மேல கிளம்புவீங்களா?" என்பார். நான், "இன்னும் இல்லைங்க" என்பேன். அவருக்கு அது சலிக்கவில்லை. எனக்கும் பழகிவிட்டது.

நம்மை இங்கே அழைத்துவந்தது நம் கால்களுக்காக. மனிதர்கள் வழுக்கும் சரிவுகளில் நம்மால் கூடையோடு நிற்க முடியும். அப்போது இலைக்கு நல்ல விலை. இத்தலார் பக்கத்துச் சிறு விவசாயிகள்கூட வீட்டுக்கு மாடி எடுத்தார்கள். இப்போது இலையை வாங்க ஆளில்லை. விலை விழுந்ததிலிருந்து எங்கள் தொழிற்சாலை வாரத்தில் மூன்று நாள்தான் ஓடுகிறது. மற்ற நாள்களில் மாடியில் பரப்பிய வலைகள் வெறுமையாகக் கிடக்கின்றன. பறிக்காத செடிகள் ஆள் உயரத்துக்கு வளர்ந்து மரமாக நிற்கின்றன. சரோஜாக்காவின் இரண்டு மகன்களும் திருப்பூருக்குப் பனியன் தைக்கப் போய்விட்டார்கள். இந்த மலையில் நம்மவர்கள் ஏழு குடும்பம் இருந்தோம். இப்போது நாங்கள் மட்டும்.

ஆகவே திரும்பி வருவதாக முடிவு செய்தோம். ஜனவரியில் கொச்சிக்குக் கப்பல் வருகிறது. ஊர் திரும்புவதற்கான படிவத்தை நாளைக்குள், 22ஆம் தேதிக்குள், தபாலில் சேர்க்க வேண்டும். மூன்று பக்கப் படிவம். ஒன்றைத் தவிர எல்லாக் கட்டங்களையும் ஒரே நீல மையால் நிரப்பிவிட்டேன்.

இங்குள்ள அலுவலகத்தில் முட்டையைப் பதிவு செய்யப் போனதையும் சொல்ல வேண்டும். பிறந்த தேதி கேட்டார்கள். அக்டோபர் 15 என்றேன்.

"அப்ப குழந்தையக் கூட்டிட்டு வாங்க."

"இதோ" என்று துணியை விலக்கிக் காட்டினேன்.

எழுத்தர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "இது முட்டைங்களே. பொறந்தப்பறம் வாங்க."

"பிறந்துவிட்டதுங்க. இன்னும் வெளியே வரவில்லை, அவ்வளவுதான்."

அவர் உள்ளே போய் யாரையோ கேட்டுவிட்டு வந்தார். கடைசியில் பிறந்த தேதிக் கட்டத்தில் பென்சிலால் 'நிலுவை' என்று எழுதினார். தவறு என்று சொல்ல முடியவில்லை. சரி என்றும் சொல்ல முடியவில்லை.

மகளுக்கு வயது பதினான்கு. நாங்கள் வைத்த பெயர் ய்யூம். பள்ளியில் சேர்த்த நாளில் ஆசிரியை அதைச் சொல்ல முடியாமல் யமுனா என்று எழுதிக்கொண்டார். இப்போது நான் ய்யூம் என்று கூப்பிட்டால் அவள் திரும்பிப் பார்க்க ஒரு கணம் தாமதமாகிறது. இதை மூன்று மாதமாகக் கவனித்துவருகிறேன்.

3

மூன்றாம் மடியைப் பற்றி இனி.

நம் ஊரில் தாயும் தந்தையும் மீனுக்குப் போகும்போது முட்டையை உறவல்லாத ஒருவர் காப்பார். உறவினர் காத்தால் பின்னால் உரிமை பேசுவார்கள் என்பதால் இந்த ஏற்பாடு. அவரை மூன்றாம் மடி என்போம். அவர் சூடு தரலாம், திருப்பிவைக்கலாம். பேசக்கூடாது. முட்டைக்குள் இருப்பது கடைசி இருபது நாளில் காது கேட்கத் தொடங்கும். தனக்குப் பழகிய குரலுக்கு உள்ளேயிருந்து தட்டிப் பதில் சொல்லும். எந்தக் குரலுக்கு முதல் பதில் சொன்னதோ, அந்தக் குரல் கூப்பிட்டால்தான் ஓட்டை உடைக்கும். மற்றவர்கள் கூப்பிட்டால் குழம்பி, உள்ளேயே களைத்துப்போகும். ஆகவே அதுவரை முட்டையிடம் பேசுவது தந்தை ஒருவர்தான். 'நீ யார் பிள்ளை?' என்று நம்மிடையே யாரும் கேட்பதில்லை. 'உன்னை அழைத்தது யார்?' என்றுதான் கேட்போம்.

வேறு கரையில் பொரித்த குஞ்சு ஊர் திரும்பும்போது, அழைத்தவர் கூழாங்கல் கரையில் இறங்கி நிற்க, குஞ்சைக் கப்பல் பலகையின் மேல்முனையில் விடுவார்கள். அவர் கூப்பிட வேண்டும். குஞ்சு தானாக நடந்து இறங்கி அவரிடம் போக வேண்டும். போனால்தான் அது நம்மவர்களில் ஒன்று. போகாவிட்டால் துறைக் கொட்டகையில் விருந்தாளியாகத் தங்கவைத்து அடுத்த கப்பலில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். படிவத்தில் நான் நிரப்பாமல் வைத்த கட்டம், 'உள்ளிருந்து அழைத்தவர்'. பொரித்த பிறகு எழுதலாம் என்று நினைக்க வேண்டாம். முதல் பதில் கிடைத்ததுமே எழுதிவிடுவது வழக்கம். நானும் அதற்காகத்தான் காத்திருந்தேன். தினமும் காலையும் மாலையும் முட்டையிடம் நம் குடும்பம் நடந்த வழியைச் சொல்லிவந்தேன்: எந்தப் பாறையிலிருந்து எந்த ஓடைக்கு, எத்தனை நாள். இன்றுவரை பதில் இல்லை.

சரோஜாக்காவை மூன்றாம் மடியாக இருக்கக் கேட்டபோது அவர் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே, "மடியில வெச்சுட்டு உக்காரோணும், அவ்வளவுதானுங்களே? சும்மாதான கெடக்கறேன்" என்றார். அப்படியும் நான் ஒரு பட்டியல் எழுதி, அவர் வீட்டுக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டினேன். பதினான்கு விதிகள். எப்போது திருப்புவது, எந்தப் பக்கம் திருப்புவது, வெந்நீர்ப் பையில் எவ்வளவு சூடு, கம்பளியை எத்தனை மடிப்பு, தும்மல் வந்தால் என்ன செய்வது. தும்மலுக்குக்கூட ஒரு விதி வைத்தேன்.

பேசக்கூடாது என்பதை எழுதவில்லை. நம்மில் யாருக்கும் அதை யாரும் சொல்லித் தருவதில்லை. மூச்சு விடு என்று யாராவது எழுதி ஒட்டுவார்களா?

4

இன்று இலை வரவில்லை. பதினொன்றரை வரை காத்திருந்துவிட்டு, "போயிட்டு வாங்க, வந்தா ஆள் அனுப்பறேன்" என்றார் மேற்பார்வையாளர். 12.10க்கு வீட்டுக்கு வந்தேன். சரோஜாக்காவின் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே யாரோ விருந்தாளியோடு பேசுகிறார் என்று நினைத்து வாசலிலேயே நின்றேன்.

"...நானும் சொல்லிச் சொல்லிப் பார்த்துட்டேன் தங்கம். காதுலயே வாங்கறதில்ல. கடையில கடன் எழுதற நோட்டத் தூக்கி அடுப்புல போடுங்கன்னேன். போடுவாரா? மாட்டாரு. ரசத்துக்குப் புளி பத்தலீன்னா மட்டும் வாய் மலைக்கு மலை கேக்கும். நீ வெளிய வந்து பாரு, நீயே சொல்லுவ."

பிறகு இரண்டு தட்டல் கேட்டது. டொக், டொக்.

"அப்படிச் சொல்லு! உனக்காச்சும் தெரியுதே."

டொக், டொக்.

நான் கதவைத் திறந்தேன். விருந்தாளி இல்லை. அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, கம்பளிக்குள் முட்டையை விதி ஒன்றில் சொன்னபடி சரியாக அணைத்துக்கொண்டு, இன்னொரு கையால் வெங்காயத்தாள் ஆய்ந்துகொண்டிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"வாங்க, வாங்க. உங்க புள்ள பயங்கர வாயாடிங்க. நாலு நாளா நான் என்ன சொன்னாலும் பதில் சொல்லுது."

"நாலு நாளாகவா?"

"வெள்ளிக்கிழமையிலிருந்துங்க. ஏனுங்க, மொகம் ஒரு மாதிரி ஆகுது?"

நான் குனிந்து முட்டையிடம் நம் மொழியில் கூப்பிட்டேன். பதில் இல்லை. இன்னொரு முறை. இல்லை. பிறகு, ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை, தமிழிலும் கூப்பிட்டேன். ரசத்தில் புளி பத்தவில்லை என்றுகூடச் சொன்னேன். முட்டை அசையவே இல்லை. சரோஜாக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "என்ன சாமி, அப்பா கூப்பிடறாரு, பேசு" என்றார்.

டொக், டொக்.

எனக்குச் சொல்லவேண்டியிருந்தது. எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன்: மூன்றாம் மடி, முதல் பதில், கப்பல் பலகை. அவர் கையிலிருந்த வெங்காயத்தாளைக் கீழே வைத்தார். முதலில் கண் கலங்கியது. பிறகு கோபம் வந்தது.

"பதினாலு எழுதி ஒட்டுனீங்களே, இத ஒண்ண எழுதறதுக்கு என்னங்க? தும்மறதுக்கெல்லாம் எழுதியிருக்கீங்க!"

"தப்பு என்னுடையதுதான் அக்கா."

"அதுவும் போகட்டும். ஒரு உசிர மடியில வெச்சுட்டு வாய மூடிட்டு எப்படிங்க உக்கார்றது? உங்க ஊர்ல அப்படித்தான் உக்காருவாங்களா? அதுக்குப் பயமா இருக்காது?"

எனக்குத் தெரியாது. நம்மில் யாராவது இதை முட்டையின் பக்கமிருந்து யோசித்திருக்கிறோமா?

5

நோவி நான்கு மணிக்குக் கூடை இல்லாமல் வந்தாள். அவளிடம் நம் மொழியில் சொன்னேன். அவள் உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள்.

"ஏழு நாள் ஊமை வைப்போம்" என்றாள். "பின்வரிசையில வீடு காலியாத்தான இருக்குது. யாரு குரலும் கேக்காது. ஏழே நாள். அப்பறம் நீ கூப்பிடு."

ஏழு நாள் ஊமை என்பது, மூன்றாம் மடி தவறிப் பேசிவிட்டால் செய்யும் பரிகாரம். எந்தக் குரலும் எட்டாத இடத்தில் முட்டையை வைத்து, காப்பவர்கள் அலகைப் புல்லால் கட்டிக்கொண்டு சூடு மட்டும் தருவார்கள். பழைய குரலை அது மறக்க வேண்டும். எட்டாம் நாள் தந்தை புதிதாகத் தொடங்குவார். சில முட்டைகள் மறக்கும். சில மறக்காமல் உள்ளேயே நின்றுவிடும்.

"அப்பா, அம்மா தமிழ்ல பேசறாங்க" என்றாள் யமுனா, பள்ளிப்பையைக் கழற்றியபடி.

உண்மைதான். நான் நம் மொழியில் கேட்டதற்கு நோவி தமிழில் பதில் சொல்லியிருந்தாள். நாங்கள் இருவருமே கவனிக்கவில்லை. யமுனாவுக்கு விஷயத்தைச் சொன்னோம். அவள் ஒரு பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்துக்கொண்டே கேட்டாள்.

"இதுல என்னப்பா பிரச்சனை? பெரியம்மா கூப்பிட்டா வந்துடும்ல?"

"வந்துவிடும். ஆனால் ஊரில் சேர்க்கமாட்டார்கள்."

"சேத்தலீன்னா இங்கயே இருக்கும். நானும் இங்கதான இருக்கேன்."

நோவி அவளை அதட்டினாள். எந்த மொழியில் என்று நான் கவனிக்கவில்லை.

அதற்குள் பழனிசாமி கடையை அடைத்துவிட்டு வந்து வாசலில் நின்றார். மனைவி சொல்லிக் கேட்டிருந்தார். அவருடைய முதல் யோசனை, சரோஜாக்காவின் பேச்சை டேப்பில் பதிவு செய்து ஊருக்குக் கொண்டுபோய், கரையில் நின்று போட்டுக் காட்டுவது.

"கேசட்டு என்கிட்ட இருக்குதுங்க. ரெண்டு பக்கமும் பேசச் சொல்றேன். அவளுக்கு ரெண்டு பக்கம் பத்தாது."

"படிவத்தில் அழைத்தவர் பெயர் எழுத வேண்டுமே, அண்ணா."

"உங்க பேர எழுதிக்கோங்க. யாரு பாக்கறாங்க?"

நான் பார்ப்பேன். பதினொரு வருடக் குறிப்பேட்டில் இதுவரை ஒரு பொய்யும் எழுதியதில்லை. இதை அவரிடம் சொல்லவில்லை, பெருமையாகப் படும். தலையை மட்டும் ஆட்டினேன்.

"அப்பச் சரி, இவளையே கப்பல் ஏத்தி அனுப்பிடறேன். எனக்கும் கொஞ்சம் நிம்மதி" என்றார். சிரிக்க வைக்கத்தான் சொன்னார். யாரும் சிரிக்காததால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்.

அவர் போனதும் நோவி கேட்டாள், "உங்க வீட்டுல ஒரு முட்டைக்கு ஊமை வெச்சாங்கன்னு சொன்னியே?"

எனக்கு அப்போது வயது ஒன்பது. எனக்குப் பின் வந்த முட்டை. மூன்றாம் மடியாக இருந்தவர் வலை பின்னுகிற ஒருவர். வேலை நேரத்தில் தன்னையறியாமல் முனகுவார். முட்டை அவருக்குப் பதில் சொல்லிவிட்டது. தன் பிள்ளையை ஒரு வலைக்காரர் அழைப்பதா என்று அப்பா ஊமை வைத்தார். நான் தினமும் வாசலில் ஒரு கூழாங்கல் வைத்தேன். ஏழு கல். எட்டாம் நாள் விடிந்ததிலிருந்து அப்பா கூப்பிட்டார். நம் குடும்பம் நடந்த வழியை முழுவதும் சொன்னார், மறுபடி முதலிலிருந்து சொன்னார். வெயில் சாயும்போது அவர் குரல் போய்விட்டது, உள்ளேயிருந்து ஒரு தட்டலும் வரவில்லை. முட்டையைக் கீழே வை என்றாள் அம்மா. நாளை எண்ணி எழுதி வைக்கும் பழக்கம் எனக்கு அந்தக் கற்களிலிருந்துதான் வந்தது.

"கீழ வெக்கும்போது கனமா இருந்துச்சா, லேசா இருந்துச்சா?" என்றாள் நோவி.

"கனமாகத்தான். முழு கனம்."

ஆனாலும் முட்டையைச் சரோஜாக்காவிடமிருந்து வாங்கிவந்துவிட்டாள். நாங்கள் மூவரும் பேசவில்லை. ஊமை தொடங்கிவிட்டதா, அல்லது யாருக்கும் பேச எதுவும் இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. நேரம் 6.20.

இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். சாதாரணமாக அந்தப் பக்கத்திலிருந்து ஓயாமல் பேச்சு கேட்கும். இன்று பாத்திரம் கழுவும் சத்தம் மட்டும் கேட்டது. சரோஜாக்கா வாயை மூடிக்கொண்டிருந்தார். பதினொரு வருடத்தில் முதல்முறை.

6.32க்கு நோவியின் பாதங்களின் மேலிருந்து தட்டல் வந்தது. இரண்டு. இடைவெளி. இரண்டு. யாரும் பதில் சொல்லவில்லை. 6.40க்கு மூன்று. 6.44க்கு, எண்ணமுடியாத வேகத்தில், வரிசையாக. அப்புறம் வெகுநேரம் ஒன்றும் இல்லை. நோவி என்னைப் பார்த்தாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். யமுனா இரண்டு பேரையும் பார்க்காமல் புத்தகத்தின் ஒரே பக்கத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

7.05க்குச் சுவருக்கு அந்தப்பக்கம் தட்டு ஒன்று ஓசையோடு வைக்கப்பட்டது. சரோஜாக்காவால் அதற்குமேல் முடியவில்லை.

"ஏனுங்க! சோத்தப் போட்டு எத்தன நேரமாச்சு, அந்த ரேடியாவ அணைச்சுப்போட்டு வந்து உக்காருங்களேன்! ஆறிப்போகுது!"

டொக், டொக், டொக், டொக்.

நோவியிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா அழுகையா என்று என்னால் பிரித்து எழுத முடியாது. அவள் முட்டையோடு சிற்றடி வைத்து நகர்ந்து, அந்தச் சுவரை ஒட்டி நின்றாள். முதுகைச் சுவரில் சாய்த்துக்கொண்டாள். படுக்கப் போகும்வரை அங்கிருந்து அசையவில்லை. ஏழு நாள் பற்றி மறுபடி பேசவும் இல்லை. அவள் தங்கை தாழ்கரையில் இருக்கிறாள். நாங்கள் வருவோம் என்று எங்களுக்கு ஒரு கல்வீட்டைப் பார்த்து வைத்திருக்கிறாள். இங்கே அடுத்த மாதம் வேலை இருக்குமா என்று யாருக்கும் தெரியாது. இவை இரண்டையும் நோவி மறந்திருக்கமாட்டாள்.

படிவத்தை எடுத்து மேசையில் வைத்தேன். 'உள்ளிருந்து அழைத்தவர்' என்ற கட்டத்தில் நான்கு விரற்கடை இடம் இருக்கிறது. என் பெயரை எழுத முடியாது. சரோஜாக்காவின் பெயரை எழுதினால் கப்பலில் இடம் தருவார்கள், கரையில் தரமாட்டார்கள். 'நிலுவை' என்று எழுதலாமா என்றுகூட யோசித்தேன். அந்த அலுவலக எழுத்தர் பென்சிலை எடுத்தபோது அவருக்கும் இப்படித்தான் இருந்திருக்கும்.

நாங்கள் திரும்பிவருகிறோமா என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

6

நவம்பர் 22, புதன்கிழமை. எட்டு டிகிரி. முட்டைக்கு முப்பத்தொன்பதாவது நாள். படிவம் நேற்று வைத்த இடத்திலேயே மேசைமேல் இருந்தது, அதைத் தொடவில்லை. தேநீர் குடிப்பதற்கு முன்பே, 5.55க்கு, நீலப் பேனாவை எடுத்துக்கொண்டு சரோஜாக்காவின் வீட்டுக்குப் போனேன். அவர் கதவைத் திறந்தார். ஏதோ கேட்க வாயெடுத்து, சட்டென்று கையால் மூடிக்கொண்டார். நான் கதவை முழுக்கத் திறந்து, உட்பக்கத்தில் ஒட்டியிருந்த பட்டியலில் பதினான்காவது விதிக்குக் கீழே எழுதினேன்.

15. பேசிக்கொண்டே இருக்கவும்.